மதினி சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

விமானம் ஏறிப் போகிற ஊர் எதுவானாலும் அங்கே இங்கிலீஷ்தான் பேசுவார்கள் என்பது தாராவியில் எங்கள் சந்துக்காரர்களின் நம்பிக்கை. துபாய் மட்டும் விலக்கு. அங்கே மலையாளம் பேசுகிறார்கள் என்று போய்வந்தவர்கள் சத்தியம் செய்ததால் அதை மட்டும் ஒத்துக்கொண்டோம். ஆகவே என் அண்ணன் அப்ரார் காரைக்காலில் நிக்காஹ் முடித்து, பாரிஸ் பக்கத்தில் பிறந்து வளர்ந்த சஃபீனாவைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கியபோது, யாரும் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. எல்லாரும் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சஃபீனா மதினியின் வாப்பா காரைக்கால்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அண்ணனுக்கு விசா வரும்வரை அவள் எங்களோடு இருப்பதாக ஏற்பாடு. ஆறு மாதம் என்றார்கள். விசா ஆபீஸ்காரர்களின் ஆறு மாதம் எவ்வளவு நீளம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

வந்த மறுநாளே பக்கத்துப் பட்டறை சுயம்பு அண்ணாச்சி ஒரு கடிதத்தோடு வந்துவிட்டார். அவர் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து வந்த இங்கிலீஷ் கடிதம்.

"எனக்கு இங்கிலீஷ் வராது" என்றாள் மதினி.

என் வாப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தீரா வேய், அடக்கத்த!"

"நெறைகுடம் தளும்பாதுல்லா" என்றார் அண்ணாச்சி.

நானும் சிரித்தேன். எங்கள் ஆட்களில் ஓதத் தெரிந்தவர் ஓதத் தெரியாது என்பார், பாடத் தெரிந்தவர் தொண்டை சரியில்லை என்பார். நாலு தடவை கெஞ்சவைப்பது மரியாதை. அண்ணாச்சி நாலு தடவை கெஞ்சினார். மதினி கடிதத்தை வாங்கி, வாய்விட்டு வாசிக்காமல் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு, "புதன்கிழமை மீட்டிங், அப்பாவும் அம்மாவும் போகணும்" என்று தன்னுடைய அரைகுறைத் தமிழில் சொன்னாள். அதுவே சரியாக இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் வீட்டு மருமகளின் இங்கிலீஷ் மாஹிம் வரைக்கும் போய்விட்டது.

எனக்கு அந்த இங்கிலீஷ் தேவைப்பட்டது. நான் அப்போது வடாலாவில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் இருந்தேன். காலை ஆறு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் பாட்டில்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது. ஜன்னல் இல்லாத அறை. பேச ஆளில்லை. "இந்த வாய்க்கு நீ வக்கீலா ஆயிருக்கணும்ட்டி" என்று உம்மா சொல்கிற வாயை இரண்டு வருஷமாக மூடிக்கொண்டு பாட்டில்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரி புதுக் கட்டிடம் கட்டுகிறது, வரவேற்பு மேஜைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன். ஜூன் மாதம் ஒரு அம்மா போனில் கூப்பிட்டு இங்கிலீஷில் பத்து நிமிஷம் பேசினார். நானும் என்னவோ பேசினேன். கட்டிடம் திறக்குமுன், செப்டம்பரில், நேரில் வரச் சொன்னார்.

அந்த மேஜை எனக்கு வேண்டும். வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிற வேலை. இராத்திரி தூக்கத்தில்கூட அந்த மேஜை வந்தது. ஆனால் என் இங்கிலீஷ்? டி.வி.யில் கொஞ்சம், மாட்டுங்காவில் பி.காம். படித்தபோது கொஞ்சம், ரயிலில் நசுங்கிக்கொண்டு பக்கத்துப் பெண்கள் பேசுவதைக் கேட்டுக் கொஞ்சம் என்று ஒட்டுத்துணியாகத் தைத்தது. அதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டிலேயே பாரிஸ் இருக்கும்போது நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

"மதினி, எனக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லித் தாரியளா?"

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். "தினமும் வருவியா?" என்று கேட்டாள்.

"தெனமும்."

"சரி" என்றாள். ஒரு தடவைதான் கேட்டேன். கெஞ்ச வைக்கவே இல்லை.

எங்கள் வீட்டில் கீழே வாப்பாவின் தோல்பைப் பட்டறை, அதன் மேல் நாங்கள், எங்களுக்கும் மேலே இரும்பு ஏணி வைத்த ஒரு மச்சு. அண்ணனுக்கும் மதினிக்கும் அதுதான் அறை. அண்ணன் பகல் முழுக்கப் பட்டறையில் இருப்பான். மழைக்காலத்துக்காகக் கூரைமேல் நீலத் தார்ப்பாய் போட்டிருந்தோம். பக்கவாட்டுப் பிளாஸ்டிக் தகட்டின் வழியே வெளிச்சம் அந்த நீலத்தைத் தொட்டுக்கொண்டு உள்ளே வரும். மூன்று மணிக்கு ஏணி ஏறித் தலையை நீட்டினால் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இருக்கும், ஏறுவதுபோல இருக்காது. மதினியின் கை நீலம், தலையணை நீலம், டம்ளரில் தண்ணீர் நீலம். கீழே தையல் மெஷின்கள் ஓடுகிற அதிர்வு பலகை வழியாக முதுகுக்கு வரும். தூக்கமும் விழிப்பும் இல்லாத ஒரு நிலை. அதில் கிடந்துதான் நான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன்.

அவள் ஒருக்களித்துப் படுத்து மெதுவாகச் சொல்வாள். நான் மல்லாந்து படுத்துத் திருப்பிச் சொல்வேன். "அவ் மே ஐ எல்ப் யூ."

"ஹவ் இல்லையா மதினி? ஹெல்ப் இல்லையா?"

"அது எழுத மட்டும்" என்பாள் தயங்கி.

அப்படியா என்று 'ஹ'வை எடுத்துப் போட்டுவிட்டேன். எல்லா அசைக்கும் ஒரே அளவு கனம் கொடுக்க வேண்டும், கடைசி அசையைக் கொஞ்சம் இழுத்து இறக்கி வைக்க வேண்டும் என்று நானே கண்டுபிடித்தேன். அவள் அப்படித்தான் பேசினாள். நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்கிற சத்தத்தை அவள் 'ஸ' என்று ஊதினாள், நானும் ஊதினேன். 'ர' தொண்டைக்குள்ளிருந்து வர வேண்டும் என்பதற்காக இரண்டு பேரும் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு கொப்பளித்துப் பழகினோம். ஒருநாள் சிரிப்பு வந்து நான் முழுத் தண்ணீரையும் அவள் தலையணையில் துப்பினேன். மதினி வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதலில் கேட்டேன்.

சில நாள் பாடமே நடக்காது. மழை தார்ப்பாயில் விழுகிற சத்தத்தில் பேச்சு கேட்காது. அப்போது அவள் எதையாவது கேட்பாள்.

"நூர், உனக்குக் கனவு எந்தப் பாஷையில வரும்?"

"கோபமா இருந்தா ஹிந்தில. பசிச்சா தமிழ்ல. ஒங்களுக்கு?"

"முன்னே பிரெஞ்சுல வந்தது. இங்க வந்ததுலேருந்து கனவுல யாரும் பேசல. வாய் அசையுது. சத்தம் இல்ல."

எனக்கு அது அழகாக இருந்தது. அது வருத்தம் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் மேஜையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் எனக்கும் இங்கிலீஷில் கனவு வந்தது. நீலமான ஒரு பெரிய கூடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஜனங்கள் தரையில் கால் படாமல் வருகிறார்கள். நான் உருண்டை உருண்டையாக வார்த்தைகளைக் கொடுக்கிறேன், அவர்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒருவருக்கும் நோய் இல்லை.

எச்சரிக்கைகள் வராமலில்லை. லேபுக்கு ரத்தப் பாட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற சாய்நாத் ஒருநாள் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "தாந்த் மே தர்த் ஹை க்யா?" என்று கேட்டான். பல்வலியா என்று கேட்கிறான். ஒரு படிக்காத பயலுக்குப் பாரிஸ் உச்சரிப்பைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். ரயிலில் வருகிற அறிவிப்பும் நான் கற்றதும் ஒத்துவரவில்லை. அந்த அறிவிப்புக்காரிக்கு உச்சரிப்பு சரியில்லை என்று முடிவு செய்தேன். இப்படிப்பட்ட புத்திசாலி நான்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி, சுனாபட்டியில் ஹார்பர் லைன் ரயில் பிடித்துச் செம்பூரில் இறங்கினேன். புதுக் கட்டிடத்தில் இன்னும் பெயிண்ட் வாசனை இருந்தது. வரவேற்புக் கூடத்தில் அந்த மேஜை இருந்தது. கனவில் வந்ததைவிடச் சின்னது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. போகிறபோக்கில் விரலால் அதைத் தொட்டுவிட்டுப் போனேன்.

உள்ளே ஒரு டாக்டரும், சாதனா என்று பெயர்ப்பலகை குத்திய ஒரு அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். போனில் பேசியது இந்த அம்மாதான். டாக்டர் கேட்டார்: ஒரு பெண் ஓடிவருகிறாள், அவள் அப்பாவை இப்போதுதான் ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், என்ன சொல்வாய்?

நான் சொன்னேன். மூன்று மாதம் நீல வெளிச்சத்தில் உருட்டிய வார்த்தைகளை ஒவ்வொன்றாக, ஒரே கனத்தில் எடுத்து வைத்தேன். டாக்டர் காதைக் கொஞ்சம் நீட்டினார். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றாம் தடவை கேட்டபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ எழுதிவிட்டு, ஆபரேஷன் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

சாதனா மேடம் தமிழுக்கு மாறினார். "நூர் நிஷா, ஜூன்ல என்கிட்ட ஃபோன்ல பேசினது நீங்கதானே?"

"ஆமா மேடம்."

"அன்னிக்கு நன்னா பேசினேளே! பயந்துண்டு வர்றவாளுக்கு இந்தக் குரல் போதும்னு நான்தான் உங்க பேரை எழுதிக் குடுத்தேன். இப்ப என்ன ஆச்சு?"

"கத்துக்கிட்டேன் மேடம். எங்க மதினிகிட்ட. பாரிஸ்லேருந்து வந்திருக்காவ."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பாரோ என்று பயந்தேன், சிரிக்கவில்லை. "பாரிஸ்காராளா? இங்கிலீஷ் பேசறதுக்கு அவா என்ன பாடு படுவா தெரியுமா? எங்க ஆத்துக்காரர் பத்து வருஷம் பிரெஞ்சுக் கம்பெனில இருந்தார். அவரோட ஆபீசர், அவ்வளவு பெரிய மனுஷன், இங்கிலீஷ்ல ஒரு மீட்டிங்னா காலம்பரலேர்ந்து சாப்பிட மாட்டாராம்." பிறகு மெதுவாகக் கேட்டார். "போறது, பழைய மாதிரியே ஒரு தடவை சொல்லுங்கோ. நான் டாக்டர்கிட்ட பேசிப் பார்க்கறேன்."

என் பழைய இங்கிலீஷைத் தேடினேன். வாயைத் திறந்தேன். அது அங்கே இல்லை. ஒட்டுப்போட்ட துணியானாலும் என் உடம்புக்குத் தைத்தது. நானே நூல் நூலாகப் பிரித்துப் போட்டிருந்தேன். புதியதும் வரவில்லை. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் எப்படி நின்றிருப்பாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. சாதனா மேடம் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, வெளியே அடுத்த பெண் காத்திருக்கிறாள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே ஏணி ஏறினேன்.

"ஒங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதா?"

மதினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. "வேலை...?"

"போச்சு. இங்கிலீஷ் தெரியாதுன்னு ஏன் சொல்லல?"

"சொன்னேன், நூர். வந்த மறுநாள். எல்லாரும் சிரிச்சீங்க."

"நான் தனியா வந்து கேட்டனே, அப்ப?"

அவள் மடித்த துணியை மறுபடி பிரித்தாள். பிறகு தமிழில் தேடித் தேடிப் பேசினாள். ஸ்கூலில் ஏழு வருஷம் படித்தாளாம். வாசித்தால் பாதி வார்த்தை சொந்தக்காரர்கள் முகம் மாதிரி இருக்குமாம், அதனால் அர்த்தம் புரிந்துவிடுமாம். பேசத்தான் வராது. அவளுக்கு மட்டும் இல்லை, வகுப்பில் யாருக்கும் வராது. தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள், சரியாகப் பேசினால் பெருமை அடிக்கிறாள் என்று இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள். டி.வி.யில் அமெரிக்கக்காரனும் பிரெஞ்சில்தான் பேசுவான், குரலை மாற்றி வைத்துவிடுவார்கள். அதனால் காதில் விழவும் வழியில்லை.

"பிரெஞ்சு தஸ்பீஹ் மாலை மாதிரி, நூர். எல்லா மணியும் ஒரே அளவு. விரல் அப்படியே போகும். இங்கிலீஷ்ல ஒண்ணு கல்லு, ஒண்ணு தூசி. எது கல்லு, எது தூசி? யாரும் எழுதி வைக்கல. பொறந்தவங்களுக்குத் தெரியும். நான் எல்லாத்தையும் மணியாவே உருட்டறேன். வேற மாதிரி உருட்ட என் வாய்க்குத் தெரியாது."

"இவ்வளவும் தெரிஞ்சே எனக்கு ஏன் சொல்லித் தந்திய?"

"தெரியாதுன்னு சொன்னா நீ ஏணி ஏற மாட்டியே."

அவள் துணியை மடியில் வைத்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"இங்க எல்லாரும் நல்லவங்க. சோறு தர்றாங்க. காய்ச்சல் வந்தா மாமி கால் பிடிச்சு விடறாங்க. ஆனா என் தமிழ் சின்னப் புள்ளை தமிழ். சோறு, குளிர், தூக்கம், போதும். அதை வச்சு எவ்வளவு நேரம் பேசறது? நீ வந்தே. ரெண்டு மணி நேரம் நான் பேசறதைக் கேட்டே. தப்புன்னு தெரியும். நாளைக்குச் சொல்லிடலாம்னு தினமும் நினைச்சேன்."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது, அதை மறைக்க எனக்குத் தெரியாது. "ஒங்க பேச்சுத் துணைக்கு என் வேலதான் கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

மூன்று நாள் ஏறவில்லை. லேபுக்குப் போனேன், ஸ்டிக்கர் ஒட்டினேன், வந்து படுத்தேன். நேர்காணல் எப்படிப் போனது என்று கேட்டவர்களிடம் சிபாரிசு வேண்டுமாம் என்று பொய் சொன்னேன். மதினியைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. மேலே சத்தமே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் இறங்கிவந்து, தலையைக் குனிந்து சாப்பிட்டு, "போதும் மாமி" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள்.

"என்னா ஒரு அமைதியான புள்ள" என்றார் உம்மா, என்னைப் பார்த்துக்கொண்டே. "நீயும் இருக்கியே."

நாலாம் நாள் வடாலாவில், பாட்டில்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, அந்த 'போதும் மாமி' எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பூட்டிய வாய் ஏழு மணி நேரம். ஒரு மணியானால் திறந்துவிடலாம். அவள் வாயை அண்ணனுக்கு விசா வருகிற வரைக்கும் என்று பூட்டி வைத்திருக்கிறோம். நாங்கள்தான் வைத்திருக்கிறோம், சிரித்துக்கொண்டே.

மூன்று மணிக்கு ஏணி ஏறினேன். மழை விட்டிருந்தது. மதினி என் தலையைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"இங்கிலீஷ் வேண்டாம்" என்றேன். "ஒங்க பாஷையில பேசுங்க."

"உனக்குப் புரியாதே."

"மூணு மாசம் மட்டும் புரிஞ்சா கேட்டேன்? பேசுங்க. நான் கேக்கேன்."

அவள் எதைப் பேசுவது என்றாள். எதையாவது என்றேன். பிறகு ஒரு வாக்கியம். மெதுவாக, காலைத் தண்ணீரில் வைத்துப் பார்ப்பதுபோல. இன்னொன்று. அதற்குப் பிறகு நிற்கவில்லை.

நான் மல்லாந்து படுத்துக் கேட்டேன். மணி மணியாகத்தான் வந்தது, ஆனால் எவ்வளவு வேகம்! இங்கிலீஷில் கேட்ட அதே சத்தங்கள் இங்கே நொண்டவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் கை ஆடியது. புருவம் ஏறி இறங்கியது. யாரையோ போலப் பேசிக்காட்டினாள். கீச்சுக்குரல் ஒன்று, கட்டைக்குரல் ஒன்று. யாரையோ திட்டினாள். நடுவில் தானே சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், நான் சிரிப்பில் உம்மாவை அடிப்பேனே அப்படி. எங்கள் வீட்டில் நாலு மாதமாக இருந்த அமைதியான பெண் யார்? அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. இவள் வாயாடி. என்னைவிடப் பெரிய வாயாடி. இந்த வாயை வைத்துக்கொண்டு 'போதும் மாமி' என்று மட்டும் சொல்லிக்கொண்டு எப்படித்தான் இருந்தாள்? எனக்கு அழுகை வந்தது. வேலை போனதற்குக்கூட இப்படி அழவில்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை, பேச்சு அவ்வளவு மும்முரம்.

கீழே தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பட்டறையில் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. ஏணி கிறீச்சிட்டது. உம்மாவின் குரல் பாதி ஏணியிலிருந்து வந்தது.

"ஏட்டி நூரு, யாருட்டி மேல வந்திருக்கா? கேட்ட கொரலாவே இல்லியே."

மதினி சட்டென்று நிறுத்தி, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"மதினிதான் உம்மா" என்றேன். "இப்பதான் வந்திருக்காவ."